பதிலுக்கு ஒரு நாழிகை

சில வருஷங்களுக்கு முன், மாவட்டத் தலைநகர் ஒன்றிலுள்ள கல்லூரியில் பௌதிகத் துறையினர் கூட்டிய தேசியக் கருத்தரங்குக்குப் போயிருந்தேன். காலை ஒன்பதரை மணிக்கு என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்த விழா, சிறப்பு விருந்தினர் வந்து சேரத் தாமதமானபடியால், பதினொரு மணிக்குத்தான் ஆரம்பமாயிற்று. குத்துவிளக்கு ஏற்றினார்கள், வரவேற்புரையும் தலைமையுரையும் வாழ்த்துரைகள் நான்கும் சிறப்புரையும் நடந்தேறின, உரையாற்றிய ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தி நினைவுப் பரிசு அளித்தார்கள், நன்றியுரை முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்துக்கு எழுந்தபோது மணி ஒன்றரை. ஆய்வு மாணவர்களின் கட்டுரைகள் முப்பதுக்கு மேற்பட்டவை, பிற்பகலில் மூன்று அறைகளில் ஒரே சமயத்தில் படிக்கப்பட்டன. நான் உட்கார்ந்திருந்த அறையில் கடைசியாக அழைக்கப்பட்ட பெண் முந்தின இரவு பஸ் ஏறி வந்தவள். கண்ணாடித் தகட்டின்மேல் துத்தநாக ஆக்ஸைடை மெல்லிய படலமாகப் படியச் செய்து, அது மின்சாரத்தைக் கடத்தும் திறனை அளந்திருந்தாள். அவளுக்கு ஒதுக்கியது பன்னிரண்டு நிமிஷம். நாலே முக்கால் மணிக்கு அவள் மேடை ஏறியபோது, "முடிவை மட்டும் சொல்லிடும்மா, சர்டிபிகேட் கொடுக்கணும்" என்றார் தலைமை வகித்த பேராசிரியர். நான்கு நிமிஷத்தில் இறங்கிவிட்டாள். குறிப்பிட்ட ஒரு வெப்பநிலைக்கு மேல் அந்தப் படலத்தின் கடத்தும் திறன் ஏறாமல் ஏன் இறங்குகிறது என்று தனக்கே விளங்காத ஒரு விஷயத்தைச் சபையோரிடம் கேட்பதற்காகக் கடைசிப் படத்தில் ஒரு கேள்வியாகவே எழுதி வைத்திருந்தாள் என்பது, மாலையில் பஸ் நிலையத்தில் அவளோடு பேசிக்கொண்டு நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் படத்தை அவள் காட்டவேயில்லை.

இந்தச் சம்பவத்தை நான் எடுத்துரைக்கும்போதெல்லாம், கற்றறிந்த நண்பர்கள் பலர் எனக்குத் தரும் சமாதானம் ஒன்று உண்டு. மகாநாடு என்பது கனிந்த பழத்தைச் சந்தைக்குக் கொண்டுவரும் இடம் என்றும், பிஞ்சைப் பறித்துக்கொண்டு ஓடி வருவது அங்கே முறையன்று என்றும், இளைஞன் போவது பெரியோர் சொல்வதைக் கேட்பதற்கே என்றும், அவன் முதலில் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து உழைத்து நல்ல பத்திரிகைகளில் நாலு கட்டுரை வெளியிட்டால் மேடை தானே அவனைத் தேடி வரும் என்றும் அவர்கள் சொல்லுகிறார்கள். உலகத்துக் கட்டுரைகள் யாவும் வீட்டில் இருந்தபடியே படிக்கக் கிடைக்கிற இந்நாளில், ஏழை நாடு ஒன்று மாணாக்கர்களின் பிரயாணத்துக்குப் பணம் செலவிடுவது வீண் என்பது அவர்களுடைய அடுத்த வாதம். கூட்டம் கூட்டுவது பந்தற்காரரும் சமையற்காரரும் குமாஸ்தாவும் கவனித்துக்கொள்ள வேண்டிய காரியமேயன்றி விஞ்ஞானியின் மூளைக்கு அதில் வேலையில்லை என்பதும் அவர்கள் கட்சி. இப்படிச் சொல்லுகிறவர்கள் இளைஞர்களுக்குப் பகைவர் அல்லர். தம் மாணாக்கர்களுக்காகச் சொந்தப் பணத்தைச் செலவழித்தவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள். அவர்களுடைய அபிப்பிராயம் அடியோடு பிழையானது என்று நான் கருதுவதாலும், அந்தப் பிழையின் பலனை அநுபவிக்கிறவர்கள் எதிர்த்துப் பேச முடியாத நிலையில் இருப்பதாலும் இதை எழுதுகிறேன்.

முடிந்த ஆராய்ச்சியை அறிவிப்பதற்காகவே மகாநாடு ஏற்பட்டது என்பது சரித்திரத்துக்கு ஒவ்வாத கூற்று. விஞ்ஞானிகள் ஆண்டுதோறும் கூடும் வழக்கத்துக்கு மூலமாக இருந்த சபைகளுள் ஒன்று, 1822-ஆம் ஆண்டில் லோரன்ஸ் ஓக்கன் என்பவர் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரத்தில் கூட்டிய சபை. நாட்டின் பல பாகங்களிலும் தனித்தனியே கிடக்கிற இயற்கை ஆராய்ச்சியாளரும் வைத்தியரும் ஒருவரை ஒருவர் நேரில் அறிந்துகொள்ளச் சந்தர்ப்பம் அளிப்பதையே அது தன் விதிகளில் தலைமையான நோக்கமாக எழுதிக்கொண்டது. கட்டுரை படிப்பது அதற்கு அடுத்தபடியான காரியம். அதை முன்மாதிரியாகக் கொண்டே 1831-இல் யார்க் நகரத்தில் பிரிட்டிஷ் விஞ்ஞான சங்கம் பிறந்தது.

அச்சில் வந்துவிட்டால் போதும், நேரில் கூட வேண்டியதில்லை என்கிற வாதத்துக்கு, 1860 செப்டம்பர் மாதம் 3-ஆம் தேதி முதல் 5-ஆம் தேதி வரை கார்ல்ஸ்ரூஹே நகரத்தில் கூடிய இரசாயன மகாநாட்டைக் காட்டிலும் தெளிவான மறுப்பு எனக்குத் தெரிந்தவரையில் இல்லை. அந்நாளில் அணு என்றால் என்ன, மூலக்கூறு என்றால் என்ன என்பதில் இரசாயனப் புலவர்களுக்குள் ஒருமைப்பாடு கிடையாது. தண்ணீரின் வாய்ப்பாட்டைக்கூட ஆளுக்கொரு விதமாக எழுதி வந்தார்கள். இந்தக் குழப்பத்துக்கு முடிவு காண வேண்டுமென்று பெருமுயற்சி எடுத்து அந்தச் சபையைக் கூட்டுவித்தவர்களுள் முதல்வரான கெக்கூலேக்கு அப்போது வயது முப்பது. ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் 120 பேருக்கு மேல் வந்தார்கள். மூன்று நாள் விவாதித்தார்கள். முடிவு எதுவும் ஏற்படாமலே கலைந்தார்கள். கலைகிற சமயத்தில், இத்தாலியரான கன்னிஸ்ஸாரோ எழுதிய சிறு நூலொன்றை அவருடைய நண்பர் பவேஸி என்பவர் பிரதிநிதிகளுக்கு விநியோகித்தார். அணு எடைகளைச் செம்மையாகக் கணக்கிடும் வழியைத் தெளிவுபடுத்திய அந்த நூல் புதிதாக எழுதப்பட்டதன்று. 1858-ஆம் ஆண்டிலேயே அச்சாகி, இரண்டு வருஷ காலம் கேட்பாரற்றுக் கிடந்தது. விவாதத்தைக் காதாரக் கேட்டு, எந்த இடத்தில் முடிச்சு விழுந்திருக்கிறது என்று மனத்தில் பதிய வைத்துக்கொண்டு ஊர் திரும்பியவர்களுடைய கையில் அகப்பட்ட பிறகே அதன் ஒவ்வொரு வரிக்கும் உயிர் வந்தது. முப்பது வயது ஜெர்மானிய இரசாயன அறிஞர் லோதர் மேயர் அதைப் படித்துத் தெளிந்து, அந்தத் தெளிவைக் கொண்டு 1864-இல் தம் நூலை வெளியிட்டார். ருஷிய அரசாங்கத்தின் செலவில் ஹைடல்பர்கில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த இருபத்தாறு வயது மெண்டெலீவ், கூட்டம் முடிந்த கையோடு அதன் விவரங்களைத் தம் ஆசிரியருக்குக் கடிதமாக எழுதினார். ஒன்பது வருஷங்கள் கழித்துத் தனிமங்களின் ஆவர்த்தன அட்டவணையை உலகுக்கு அளித்தார்.

இங்கே என் நண்பர்கள் குறுக்கிட்டு, "பார்த்தீர்களா, மேயரும் மெண்டெலீவும் கேட்டுக்கொண்டுதானே இருந்தார்கள்? அதைத்தானே நாங்களும் சொல்லுகிறோம்?" என்று கேட்கக் கூடும். அவர்கள் கேட்டது பொன்னாடை போர்த்திய ஒருவரின் உபந்நியாசத்தை அன்று. தீராத வழக்கு ஒன்றில் பெரியவர்கள் தங்களுக்குள் முட்டி மோதிக்கொண்டதைக் கேட்டார்கள். எந்தக் கேள்விக்கு இன்னும் விடை இல்லை என்பதைப் பெரியவர்களின் வாயாலேயே, பெரியவர்களின் தடுமாற்றத்திலேயே தெரிந்துகொள்வதற்கு அச்சிட்ட கட்டுரை உதவுவதில்லை. கட்டுரையில் எல்லாம் நிச்சயமாக இருக்கும். எழுதியவர் எத்தனை இரவு விழித்தார், எந்தப் பகுதியைப் பற்றி அவருக்கே சந்தேகம் என்பதெல்லாம் அதிலிருந்து துடைக்கப்பட்டிருக்கும். நம்முடைய கருத்தரங்குகளிலோ, துடைத்து மெருகிட்ட அந்த நிச்சயத்தையே ஒருவர் ஒரு மணி நேரம் மேடையில் நின்று மறுபடியும் வாசிக்கிறார்.

இளைஞன் பேசும் இடத்துக்கு வருகிறேன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பத்தொன்பது வயதில் கப்பலேறி, கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1935 ஜனவரி 11-ஆம் தேதி லண்டனில், அரச வானநூற் சங்கத்தின் கூட்டத்தில் தம் கட்டுரையை வாசித்தபோது அவருக்கு வயது இருபத்துநான்கு. எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் ஒன்று, குறிப்பிட்ட ஒரு நிறைக்கு மேற்பட்டதானால், வெண்குறு மீனாக நிலைத்து நிற்க முடியாமல் மேலும் மேலும் சுருங்கும் என்பது அவர் கண்ட முடிவு. இந்தக் கணக்கை அவர் போட்டுக்கொண்டிருந்த மாதங்களில், அக்காலத்து வானநூலாரில் பெரும் புகழ் பெற்றிருந்த ஆர்தர் எடிங்டன் அடிக்கடி அவருடைய அறைக்கு வந்து, வேலை எவ்வளவு தூரம் ஆயிற்று என்று விசாரித்துப் போவது வழக்கம். வழக்கமான கால்மணிக்குப் பதிலாக அந்த இளைஞருக்கு அரைமணி அவகாசம் அளிக்க வேண்டுமென்று சங்கத்தாரிடம் சொல்லி ஏற்பாடு செய்தவரும் அவரே. கூட்டத்துக்கு முந்தின நாள்தான், தமக்கு அடுத்தபடியாக அதே விஷயத்தைப் பற்றி எடிங்டனும் பேசப் போகிறார் என்று நிகழ்ச்சி நிரலைப் பார்த்துச் சந்திரசேகர் தெரிந்துகொண்டார். என்ன பேசப் போகிறார் என்பது அப்போதும் தெரியவில்லை. மறுநாள் எடிங்டன் எழுந்து, இப்படிப்பட்ட அபத்தமான முடிவுக்கு ஒரு நட்சத்திரம் போகாதபடி தடுக்கும் இயற்கை விதி ஒன்று இருந்தே தீரவேண்டும் என்று கூறி, அந்தக் கணக்கின் அஸ்திவாரத்தையே மறுத்தார். சபை சிரித்தது. அக்கிராசனர், இந்த வாதங்களை நன்றாக ஆலோசித்த பின்பே விவாதிக்க இயலும் என்ற பொருள்படச் சொல்லிவிட்டு, அடுத்தவரை அழைத்தார். சந்திரசேகருக்குப் பதில் சொல்ல நேரம் கொடுக்கப்படவில்லை.

அந்த வருஷமே பாரிஸில் சர்வதேச வானநூல் யூனியன் கூடியது. எடிங்டன் ஒரு மணி நேரம் பேசினார். அதிலும் இந்த விஷயத்தை எடுத்து மறுத்தார். தாம் பதில் கூற விரும்புவதாகச் சந்திரசேகர் ஒரு சீட்டு எழுதி, தலைமை வகித்த அமெரிக்க வானநூலார் ரஸ்ஸலுக்கு அனுப்பினார். வேண்டாம் என்று சீட்டு திரும்பி வந்தது. பௌதிகத்தில் அந்நாளில் முதல் வரிசையில் இருந்த நீல்ஸ் போரும் பௌலியும் தனிப்பட்ட முறையில் இளைஞர் பக்கமே நியாயம் என்று ஒப்புக்கொண்டும், பகிரங்கமாக எழுந்து சொல்ல முன்வரவில்லை.

இதில் நான் எடிங்டனைப் பிரதான குற்றவாளியாக நிறுத்தவில்லை. பெரிய அறிவாளி ஒருவர் தவறாக நினைப்பது எக்காலத்தும் நேர்வது. தவறாக நினைத்ததை உரக்கச் சொல்வதற்கும் அவருக்கு உரிமை உண்டு. ஐந்து நிமிஷம் பதிலுக்கு விடாத கூட்ட ஒழுங்கின்மேல்தான் என் வழக்கு. இளைஞருக்கு அரைமணி கொடுத்தார்கள், அது தாராளந்தான். ஆனால் அவ்வளவும் அறிவிப்பதற்கான நேரம். மகாநாடு முடிந்ததை அறிவிக்கும் மேடை என்ற கொள்கை லண்டனில் அன்று குறைவின்றி நிறைவேறிற்று. நிறைவேறியும், நட்சத்திரங்களின் அந்திமத்தைப் பற்றிய உண்மை, சபையோர் அத்தனைபேர் முன்னிலையிலும் சிரிப்புக்கிடமாகி வெளியேறிற்று. சந்திரசேகர் 1939-இல் அந்தத் துறைபற்றிய தம் நூலை முடித்துக்கொண்டு வேறு துறைக்குப் போய்விட்டார். நோபல் பரிசு வந்தது 1983-இல்.

"மேதை எப்படியும் மேலே வந்துவிடுவான், பார்த்தீர்களா!" என்று இதையே எதிர்க்கட்சிக்குச் சான்றாகக் காட்டுகிறவர்களை நான் சந்தித்திருக்கிறேன். நாற்பத்தெட்டு வருஷம் கழித்து ஒருவருக்கு நியாயம் கிடைத்ததைக் கொண்டு, நியாயம் மறுத்த ஏற்பாடு நல்லதென்று சாதிப்பது என்ன தர்க்கம் என்று எனக்கு விளங்கவில்லை. மேலும், சந்திரசேகருக்குக் கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ பதவி இருந்தது, கணக்கில் அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது, ஒரு கதவு மூடினால் வேறொரு கதவைத் திறந்துகொள்ளும் ஆற்றல் இருந்தது. இரவு பஸ்ஸில் வந்து, நான்கு நிமிஷத்தில் இறங்கி, மறுபடியும் இரவு பஸ் ஏறிப் போன பெண்ணுக்கு இவற்றில் எது உண்டு? மகாநாடு கூட்டுகிறவர்கள் மேதைகளை உத்தேசித்து விதி வகுக்கலாகாது. மேதைக்கு விதி தேவையில்லை. பதில் சொல்ல இடம் கிடைத்தால் நிமிர்ந்து, கிடைக்காவிட்டால் அடுத்த வருஷமே ஆராய்ச்சியைக் கைவிட்டுப் போகிற ஆயிரம்பேர் இருக்கிறார்களே, அவர்களுக்காகத்தான் விதி வேண்டும்.

அதே லண்டன் சங்கத்தில் 1961-ஆம் வருஷம் நடந்ததையும் சொல்ல வேண்டும். வானொலி அலைகளை வீசும் விண்பொருள்களை எண்ணிக் கணக்கிட்ட மார்ட்டின் ரைல், பிரபஞ்சம் எக்காலத்தும் ஒரே நிலையில் இருப்பது என்ற ஃபிரெட் ஹாயிலின் கொள்கை பொய்த்துவிட்டது என்று அறிவித்தார். பதிலுரைக்க வேண்டிய கூட்டத்தன்று ஹாயிலுக்கு வேறொரு சொற்பொழிவு ஏற்பாடாகியிருந்தது. ஆகவே அவர் தம் ஆராய்ச்சி மாணாக்கரான இருபத்திரண்டு வயது ஜயந்த் நர்லீகரைப் பதில் சொல்லும்படி அனுப்பினார். இந்தியாவிலிருந்து வந்த மாணவர், பேர்போன ஒருவருடைய முடிவை அவர் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசினார், சபையும் கேட்டது. ஹாயிலின் கொள்கை பின்னால் நிற்கவில்லை என்பது உண்மையே. 1935-இல் பதில் மறுக்கப்பட்டவர் சொன்னது சரி. 1961-இல் பதிலுக்கு இடம் பெற்றவர் வாதாடிய கொள்கை நிலைக்கவில்லை. ஆயினும் இரண்டு கூட்டங்களுள் எது விஞ்ஞான சபை என்ற பெயருக்குத் தகுதியானது என்று கேட்டால், நான் தயங்காமல் இரண்டாவதையே காட்டுவேன். யார் சொல்வது சரி என்று முன்கூட்டியே தெரியுமானால் கூட்டமே வேண்டியதில்லை. இளைஞன் உளறுவான், அநுபவசாலிகளின் பொழுது வீணாகும் என்று அஞ்சுகிறவர்களுக்கும் இதுவே பதில்.

நம் ஊரில் இவ்விஷயத்தை நன்றாக அறிந்திருந்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமலிருக்க எனக்கு மனம் வரவில்லை. அரசியல் நிர்ணய சபையில் பங்கு கொண்ட அல்லாடி கிருஷ்ணஸ்வாமி ஐயரின் புதல்வர் அல்லாடி ராமகிருஷ்ணன், சென்னையில் தம் குடும்ப இல்லமான ஏகாம்ர நிவாஸத்தில், 1950-களின் பிற்பகுதியில், மாணாக்கர் சிலரைச் சேர்த்துக்கொண்டு கொள்கைப் பௌதிகக் கருத்தரங்கு ஒன்றை நடத்தி வந்தார். கட்டடம் கிடையாது, மானியம் கிடையாது, வீட்டுக் கூடமே சபை மண்டபம். வெளிநாட்டிலிருந்து சென்னை வழியாகப் போகிற அறிஞர்களை அங்கே அழைத்து வந்து, மாணாக்கர்களோடு உட்கார்த்திப் பேச வைத்தார். 1960-இல் நீல்ஸ் போர் வந்தார். அந்தச் சிறு கூட்டத்தைக் கண்டு அவர் கொண்ட மதிப்பு, டில்லியில் அவர் வாய்மொழியாகவே நேருவின் செவிக்கு எட்டியது. அதன் பலனாகவே 1962 ஜனவரி 3-ஆம் தேதி கணித விஞ்ஞானக் கழகம் சென்னையில் தோன்றியது. அந்தத் தொடக்க விழாவில் சந்திரசேகரும் வந்து கலந்துகொண்டார். லண்டனில் பதில் மறுக்கப்பட்டவர், மாணாக்கர்கள் கேள்வி கேட்டுக் கேட்டே வளர்த்த ஒரு ஸ்தாபனத்தின் பிறப்பைப் பார்க்கச் சென்னைக்கு வந்து நின்ற அந்தக் காட்சியை நினைக்குந்தோறும் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

ஏழை நாடு, பணமில்லை என்கிற வாதத்துக்கு ஏகாம்ர நிவாஸமே போதிய பதில். இருப்பினும் பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். 1914 ஜனவரியில் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் இல்லத்தில் முதல் இந்திய விஞ்ஞான காங்கிரஸ் கூடியது. அதற்கு வித்திட்ட இருவருள் ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரியில் இரசாயனம் கற்பித்த சைமன்ஸன், மற்றவர் லக்னோவைச் சேர்ந்த மக்மஹோன். வந்தவர் 105 பேர். படித்த கட்டுரைகள் 35. கூடியது மூன்று நாள். ஏறக்குறைய அதே தொகைக் கட்டுரைகளை எங்கள் மாவட்டக் கல்லூரி ஒரே பிற்பகலில் முடித்துவிட்டது. அந்தக் காங்கிரஸே பிற்காலத்தில் பிரமுகர்களும் ஆயிரக்கணக்கான பிரதிநிதிகளும் கூடும் பெருவிழாவாகி, சிதம்பரத்தில் பிறந்து நோபல் பரிசு பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், அங்கே விஞ்ஞானம் பேசப்படுவது மிகக் குறைவு என்று கண்டித்து, இனி வருவதில்லை என்று 2016-இல் பகிரங்கமாகச் சொல்லும்படி ஆயிற்று. செலவு கூடிற்று, விவாதம் குறைந்தது. பணம் பந்தலுக்கும் பரிசுக்கும் போகிறது. பஸ் கட்டணத்துக்கு வருவதில்லை.

மாணாக்கரின் கை வறட்சி எத்தகையது என்பதை மகாநாடு கூட்டுகிறவர்கள் நன்கு அறிவார்கள். அறிந்தும் ஏற்பாட்டில் அதற்கு இடம் வைப்பதில்லை. மத்திய அரசின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அதுவும் எல்லோருக்கும் கிடைப்பதன்று, கிடைப்பவர்க்கும் மாதக்கணக்கில் தாமதித்து வருவதுண்டு. ஐரோப்பாவில் நடைபெறும் மகாநாடு ஒன்றின் பதிவுக் கட்டணமே அந்த ஒரு மாதத் தொகையை விழுங்கிவிடக் கூடும். விமானம், விடுதி, விசா எல்லாவற்றையும் முதலில் கைப்பணத்தில் செலவழித்துவிட்டு, பின்னர் இரசீதுகளை ஒட்டி விண்ணப்பித்தால், ஆறு மாதம் கழித்துத் திரும்பத் தருவோம் என்பதே பெரும்பாலும் நடைமுறை. வீட்டில் பணம் உள்ளவன் போகிறான். இல்லாதவன் கடன் வாங்குகிறான், அல்லது போகாமலே இருந்துவிடுகிறான். கைக்குழந்தையுள்ள பெண்ணாயிருந்தால், பெரும்பாலும் கேள்வியே எழுவதில்லை. முன்பணமாகக் கொடுப்பதும், பாலூட்டுவதற்கு ஓர் அறை ஒதுக்குவதும், விசாவுக்கு வேண்டிய கடிதத்தை நான்கு மாதம் முன்னதாக அனுப்புவதும் குமாஸ்தா வேலை என்று ஒதுக்கினால், எந்த அறிவு சபைக்குள் வரும், எது வாசலிலேயே நின்றுவிடும் என்ற தீர்ப்பைக் குமாஸ்தாவிடம் ஒப்படைத்துவிட்டோம் என்றுதான் பொருள்.

2020-ஆம் வருஷத்துத் தொற்றுக் காலத்தில் கணினித் திரைவழியே கூட்டங்கள் நடந்தன. பணமும் விசாவும் தடுத்திருக்கக் கூடிய பலருக்கு அதனால் கேட்க முடிந்தது. அந்த நன்மையை நான் மறுக்கவில்லை; தொடரவும் வேண்டும். ஆனால் அதுவும் கேட்பவரின் தொகையைத்தான் பெருக்கிற்று. கூட்டம் கலைந்தபின், தேநீர்க் குவளையோடு நிற்கும் பெரியவர் பக்கத்தில் போய், "ஐயா, நீங்கள் மூன்றாவது படத்தில் சொன்னது எனக்கு விளங்கவில்லை" என்று சொல்ல, திரையில் இடம் இருக்கவில்லை.

கூட்டத்தை அமைப்பது மூளை வேலையே என்பதற்கு ஆதாரம் வேண்டுவோர், அமெரிக்காவில் 1931-இல் நீல் கார்டன் என்ற இரசாயனப் பேராசிரியர் தொடங்கி, இன்று அவர் பெயராலேயே வழங்கும் கார்டன் மகாநாடுகளைப் பார்க்கட்டும். காலையிலும் இரவிலும்தான் அங்கே கட்டுரைகள். பிற்பகலின் பெரும்பகுதி நடப்பதற்கும் பேசுவதற்குமென்றே விடப்படுகிறது. அங்கே சொன்னதை ஒருவரும் பதிவு செய்யவோ, சொன்னவர் அநுமதியின்றி வெளியிடவோ கூடாது என்பது விதி. இந்த ஒரு விதி இளைஞனுக்கு எவ்வளவு பெரிய அபயம் என்பதை, தன் அரைகுறை முடிவை வேறொருவர் எடுத்து எழுதிவிடுவாரோ என்று பயந்து வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தவர்களே அறிவார்கள். பிஞ்சைச் சந்தைக்குக் கொண்டுவராதே என்று நாம் சொல்லுகிறோம்; பிஞ்சைக் கொண்டுவருவதற்கென்றே அவர்கள் வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். பிரதான மகாநாட்டுக்கு முன்னதாக இரண்டு நாள், மாணாக்கரும் புதிதாகப் பட்டம் பெற்றோரும் மட்டுமே கூடும் கருத்தரங்கு நடைபெறுவதும் உண்டு. அதற்குத் தலைமை வகிப்பவர்களும் அவர்களே. தம்மை ஒத்தவர் முன்னிலையில் இரண்டு நாள் வாதாடிப் பழகியவர்கள், மூன்றாம் நாள் பெரியோர் சபையில் கூசாமல் எழுந்து நிற்கிறார்கள்.

1951-இல் ஆல்ப்ஸ் மலையடிவாரத்து லெஸூஷ் கிராமத்தில், மரவீடுகள் சிலவற்றில், வாரக்கணக்கில் நடக்கும் கோடைப் பள்ளி ஒன்றை நிறுவிய செஸீல் தெவித் மொரெத்துக்கு அப்போது இருபத்தெட்டு வயது. யுத்தத்துக்குப் பின் தளர்ந்து கிடந்த பிரெஞ்சுப் பௌதிகத்துக்கு அந்த மலைக் கிராமமே மறுமலர்ச்சி தந்த இடங்களுள் ஒன்றாயிற்று. லாகூரில் கலந்து பேசத் துணையின்றித் தனித்துப்போய்த் தாயகத்தையே விட்டு வெளியேற நேர்ந்த அப்துஸ் ஸலாம், வேறு இளைஞர்களுக்கு அந்தக் கதி நேரக் கூடாதென்று 1964-இல் இத்தாலியில் திரியெஸ்தே நகரத்து மையத்தைக் கட்டினார். நம் நாட்டில் உயிர்நூல் துறையில் 2009 முதல் நடந்துவரும் இளம் ஆய்வாளர் கூட்டமும் இந்த வழியில் வந்ததே. கூட்டம் கூட்டுவதை இவர்களில் ஒருவரும் ஆராய்ச்சிக்குப் புறம்பான காரியமாகக் கருதவில்லை.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். பஸ் நிலையத்தில், சிமெண்டு பெஞ்சியில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, காட்டாமற்போன அந்தக் கடைசிப் படத்தை எனக்குக் காட்டினாள். அது என் துறையன்று. என்னால் விடை சொல்ல முடியவில்லை. ஆனால் அதே அறையில், முதல் வரிசையில், இருபது வருஷமாக அத்தகைய படலங்களையே ஆராய்ந்து வரும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். படத்தைத் திரையில் போட்டிருந்தால் அவர் நிச்சயமாக வாய் திறந்திருப்பார். அவர் தம் பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அரைமணிக்கு முன்னமேயே காரில் போய்விட்டிருந்தார்.

வேறொரு கல்லூரியிலிருந்து அடுத்த மாதக் கருத்தரங்கின் அழைப்பிதழ், மெய்ப்புப் பார்த்து அனுப்பும்படி, என்னிடம் வந்திருக்கிறது. விழா காலை ஒன்பதரைக்கு. ஆய்வு மாணவர் கட்டுரைகள் மாலை மூன்றுக்கு. கட்டுரைகளைக் காலை ஒன்பதரைக்கும் விழாவை மாலை நாலரைக்கும் மாற்றியிருக்கிறேன். ஒவ்வொரு கட்டுரைக்கும் பன்னிரண்டு நிமிஷம் என்றிருந்த இடத்தில் பன்னிரண்டை வைத்துக்கொண்டு, அதன் பக்கத்தில், கேள்விக்கும் பதிலுக்குமாக இன்னும் ஒரு பன்னிரண்டு எழுதியிருக்கிறேன். இரண்டும் சேர்ந்தால் ஒரு நாழிகை. கட்டுரைகள் முப்பத்தாறு, ஒரே சமயத்தில் நடக்கும் அறைகளைக் குறைத்திருப்பதால் இரண்டு நாள் வேண்டியிருக்கும். நினைவுப் பரிசுகளுக்கு ஒதுக்கிய தொகையை விட்டுவிட்டால், இரண்டாம் நாள் சாப்பாட்டுக்கும் மாணவர்களின் பஸ் கட்டணத்துக்கும் ஏறக்குறையக் கட்டும் என்று பின்பக்கத்தில் கணக்கும் போட்டிருக்கிறேன். சிறப்பு விருந்தினரின் பெயருக்கு எதிரே, "இரண்டு நாளும் முதல் வரிசையில் இருப்பதாக இசைவு பெறவும்" என்று சிவப்பு மையில் எழுதி, நேற்றுத் தபாலில் சேர்த்தேன்.